ஆடு எப்போது வரும்?

"அக்கா, ஆடு எப்போ வரும்?"

காலையில் வந்ததும் வராததுமாக டைப்பிஸ்ட் கேட்டாள். கண்கள் சிவந்து, மூக்கு நுனி வீங்கியிருந்தது.

தபால் அக்காவுக்குத் திக்கென்றது. "எந்தப் பக்கத்துல இருக்கே?"

"நாப்பது. படகுக்காரனோட அம்மா இப்பதான் செத்துப் போனாங்க."

"செத்துப் போனாங்களா? அவங்கதானே ஆட்டுக்குத் தொப்பி தைச்சுப் போடுவாங்க!"

"தொப்பியும் இல்ல, ஆடும் இல்ல. ஜுரத்துலயே போயிட்டாங்க. அதை ஆறு பக்கத்துக்கு எழுதியிருக்கான் பாவி."

அலுவலகத்திலிருந்து வெளியே போகும் கடிதங்களை உறையிலிட்டு அனுப்புவது அக்காவின் வேலை. அதனால்தான் 'தபால் அக்கா'. ஒன்றரை மாதத்துக்கு முன்பு அவளுக்குக் கண்ணில் புரை எடுத்தார்கள். "தேய்க்கக் கூடாது, குனியக் கூடாது, முக்கியமா அழவே கூடாது" என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். ஒரு கண்ணில் கட்டு, மறு கண்ணில் மங்கல். படுத்த படுக்கையாக இருந்தவளுக்கு வீட்டுக்காரர், ஆபரேஷனுக்கு முன்பே நூலகத்திலிருந்து எடுத்து வைத்திருந்த ஒரு புத்தகத்தைத் தினமும் மாலையில் வாசித்துக் காட்டினார். 'நாலாம் நம்பர் படகு.' அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். டிக்கெட் எடுக்காமல் படகில் ஏறும் ஆடு, கோர்ட்டில் தீர்ப்பையே தின்றுவிடும் ஆடு! நல்ல மனிதர் அவர். மனைவியால் படிக்க முடியாதபோது தான் மட்டும் படிப்பதா என்று இன்றுவரை செய்தித்தாளைக்கூடத் தொடவில்லை.

வேலைக்குத் திரும்பிய பிறகும் சின்ன எழுத்தெல்லாம் அவளுக்கு எறும்பு ஊர்வதுபோலத்தான் இருந்தது. கண் ஆறிய பிறகுதான் கண்ணாடி. அதுவரை விலாசங்களையெல்லாம் முகம் சுளிக்காமல் படித்துச் சொன்னவள் டைப்பிஸ்ட். மூன்று மாதத்துக்கு முன்பு தாயைப் பறிகொடுத்தவள். அதன்பிறகு சிரித்ததை யாரும் பார்த்ததில்லை. ஒருவரை ஒரு நிமிடம் சிரிக்க வைத்தால் அதுவும் கடவுள் கணக்கில் பிரார்த்தனையாகச் சேரும் என்று நம்புகிறவள் தபால் அக்கா. "புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்துடலாமே" என்று வீட்டுக்காரர் இரண்டு முறை சொல்லியும் கேட்காமல் பையில் போட்டுக்கொண்டு வந்து அவள் கையில் கொடுத்துவிட்டாள்.

"கொஞ்சம் பொறு கண்ணு. சோகமா ஆரம்பிச்சாத்தானே அப்புறம் சிரிப்பு வரும்? ஆடு வரும் பாரு."

மறுநாள் டைப்பிஸ்ட் சொன்னாள். "தொண்ணூறு பக்கம் ஆச்சு. படகுக்காரனோட மகன் ஆத்துல மூழ்கிட்டான். இனிமே ஆடு வந்தாலும் அதையும் கொன்னுடுவானோன்னு பயமா இருக்குக்கா."

புத்தகத்தை மேசைமேல் வைத்துவிட்டு, தலைவலி என்று விடுப்பு எழுதிக் கொடுத்துப் போய்விட்டாள்.

சிரிக்க வைக்கப் போய் இப்படி அழ வைத்துவிட்டோமே என்று தபால் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. பாரத்தோடு ஒட்டியதில் இரண்டு கடிதங்கள் உறை மாறிவிட்டன. கடிதத்தை நேரிலேயே வாங்க வந்திருந்த புகார்க்காரருக்கு "தங்கள் பாராட்டுக்கு நன்றி" என்று பதில் போயிற்று. மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். அவள் உள்ளதை உள்ளபடி சொன்னாள்.

"இவ்வளவுதானே? அந்தப் பொண்ணு சரியாப் படிச்சிருக்காது. கொடுங்க, ஆட்டை நான் கண்டுபிடிக்கிறேன்" என்றார் மேனேஜர்.

அறைக்கதவு சாத்திக்கொண்டது. மதியம்வரை சத்தமில்லை. பிறகு விசும்பல் கேட்டது. வெளியே இருந்தவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். ஆபீஸையே மூடப் போகிறார்கள் என்று ஒருவர் கிசுகிசுத்தார். கதவைத் திறந்துகொண்டு மேனேஜர் வந்தார். கைக்குட்டை நனைந்திருந்தது.

"பையன் தண்ணில போயிட்டான்" என்றார். கைக்குட்டையில் முகத்தைப் புதைத்துக்கொண்டார்.

உடனே யாரோ அவர் வீட்டுக்குப் போன் போட்டார்கள். இருபதாவது நிமிடம் மேனேஜரின் மனைவி தலைவிரி கோலமாக வந்து நின்றாள். கையில் பள்ளிக்கூடத்திலிருந்து இழுத்து வரப்பட்ட மகன். "உங்களுக்கு வேற வேலையே இல்லையா?" என்று அவள் போட்ட சத்தத்தில் பக்கத்துக் கட்டிடத்து ஜன்னல்கள்கூடத் திறந்தன. மேனேஜர் மகனைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இன்னொரு முறை அழுதார்.

"நல்ல புத்தகம்தான். ஆனா ஆடு இல்லம்மா" என்று புத்தகத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

சாயங்காலம் தபால் அக்கா செருப்பைக்கூடக் கழற்றவில்லை. "என்னங்க, ஆடு எங்கே?"

வீட்டுக்காரர் தரையைப் பார்த்தார். "நீ அழக் கூடாதுன்னு டாக்டர் சொன்னாரே. அதான்... கொஞ்சம் மாத்திட்டேன்."

"எவ்வளவு மாத்தினீங்க?"

"ஆடு மட்டும்தான்."

கோபம் வர வேண்டிய இடத்தில் அவளுக்குக் கண் கலங்கியது. அழக் கூடாது என்பது நினைவுக்கு வந்து அடக்கிக்கொண்டாள். "எனக்குச் சொன்ன பொய்யை அந்தப் பொண்ணுக்கும் வந்து சொல்லுங்க. கிளம்புங்க."

டைப்பிஸ்ட்டின் வீட்டில் அவர் கூச்சத்தோடு நாற்காலி நுனியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமினார். ஆடு தொப்பி போட்டுக்கொண்டது. டிக்கெட் கேட்டவரின் டிக்கெட் புத்தகத்தைத் தின்றது. குறட்டை விடும் நீதிபதி கண் விழிப்பதற்குள் தீர்ப்பின் கடைசி வரிவரை தின்று தீர்த்தது.

"அப்போ படகுக்காரன் குற்றவாளியா இல்லையா மாமா?" என்றாள் டைப்பிஸ்ட்.

"அது ஆட்டுக்கு மட்டும்தாம்மா தெரியும்."

அவள் சிரித்துவிட்டாள். சிரிப்பு நிற்கவில்லை. "எங்கம்மா இருந்திருந்தா இதை எல்லா வீட்டுக்கும் போய்ச் சொல்லியிருப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே சிரித்தாள், அழுதாள், மறுபடியும் சிரித்தாள். தபால் அக்கா மனசுக்குள் கைகூப்பினாள்.

அடுத்த வாரம் டாக்டர் கண்ணாடிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார். தெருமுனைக் கண்ணாடிக் கடை வாசலில் வீட்டுக்காரர் தயங்கி நின்றார்.

"வேற கடைக்குப் போலாமே?"

"ஏன், இந்தக் கடைக்கு என்ன குறைச்சல்? வாங்க. கண்ணாடி வந்ததும் முதல் வேலையா அந்தப் புத்தகத்தை நானே படிக்கப் போறேன். படிச்சிட்டு எழுதினவருக்கு ஒரு லெட்டர் போடணும். ஆடு உங்களுது, சரி. அந்தக் குறட்டை ஜட்ஜ் அவர் சரக்குதானே? எவ்வளவு பெரிய மூளை!"

அவர் பதில் சொல்வதற்குள் கடைக்காரர் எழுந்து நின்று முகமெல்லாம் சிரிப்பாக ஒரு சின்ன டப்பாவை நீட்டினார்.

"வாங்க சார், வாங்க! வீட்டம்மாவைத் தனியா விட்டுட்டு வர முடியலைன்னு போன்ல சொன்னீங்களே, இப்ப தேவலையா? ஆபரேஷனுக்கு முதல் நாள் ரிப்பேருக்குக் கொடுத்த உங்க கண்ணாடி அன்னிலேர்ந்து இங்கேயேதான் கிடக்கு. இது இல்லாம ஒரு எழுத்துகூடத் தெரியாதுன்னீங்களே, இத்தனை நாள் எப்படி சார் சமாளிச்சீங்க?"