சீனச் சித்தரின் நீலத் தகடு

சனிக்கிழமை பின்னேரம் சுவிஸ் நகரமான ஊஸ்டரில் கார் நிறுத்த ஓர் இடம் கிடைத்துவிட்டால் அதுவே பெரிய அற்புதம். அந்த வாடகை மண்டபத்தின் முன்னால் சூரிச் கார்கள், அவற்றை ஒட்டி பேர்ண் கார்கள், புல்லில் ஒரு சக்கரத்தை ஏற்றியபடி ஜெனீவாவிலிருந்து வந்த ஒரு கார். உள்ளே சாம்பிராணிப் புகை. தீ மணி அடித்துவிடுமோ என்று மண்டபக்காரர் அடிக்கடி எட்டிப் பார்த்தார். அவருக்கென்ன தெரியும்? உள்ளே இருப்பவர் நெருப்பையே அடக்குகிறவராம்.

அவர்தான் தகட்டுச் சாமி. சாமியாவதற்கு முன் அவருக்கு இரவீந்திரன் என்று பெயர், உடம்பு மெலியும் தேயிலை வியாபாரம். குடித்தவர்கள் மெலியவில்லை. ஆகவே தேயிலையை விட்டுவிட்டுச் சீனாவுக்குப் போனார், மலைக் குகையில் தவமிருந்தார், அந்தக் காலத்தில் நம் பக்கத்திலிருந்து சீனாவுக்குப் போன சித்தர் ஒருவர் தன் கையால் எழுதிவைத்த தகடுகளுடன் திரும்பினார். இதெல்லாம் அவரே சொன்னது.

நீலத் தகடு, வெள்ளை எழுத்து. முதலில் ஒரு சீன எழுத்து, அடுத்து ஓர் ஆங்கில எழுத்து, ஒரு புள்ளி, பிறகு ஐந்து இலக்கங்கள். அந்தக் காலத்துச் சித்தருக்கு ஆங்கில எழுத்து எப்படித் தெரிந்தது என்று ஒருவரும் கேட்கவில்லை. சித்தரென்றால் சும்மாவா!

"ஒவ்வொரு தகட்டிலயும் வேற வேற மந்திரம். உங்கட நட்சத்திரத்துக்கெண்டே எழுதினது," என்பார் சாமி. தகட்டை நெற்றியில் வைத்துக் கண்ணை மூடுவார். தொண்டையில் ஏதோ உறுமும். பிறகு பலன் வரும். பலன் வந்ததும் தகட்டைச் சிவப்புப் பட்டில் சுற்றிக் கட்டுவார். "அவிழ்க்கப்படாது. போனில படம் எடுக்கப்படாது. எடுத்தால் சக்தி இறங்கிப்போகும்."

இந்தக் காலத்துப் போன், எந்தப் பாஷையையும் படம் பிடித்து மொழிபெயர்த்துவிடும். யாருக்குப் பயப்பட வேண்டும் என்று சக்திக்குத் தெரிந்திருக்கிறது.

பேர்ணில் ஓர் ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்யும் குகதாசன் லேசில் ஏமாறுகிற மனிதர் அல்ல. கத்தரிக்காயைக்கூடப் பிரட்டிப் பிரட்டிப் பார்த்துத்தான் வாங்குவார். தகட்டை மட்டும் பிரட்டவில்லை. அவருடைய காரின் பிரேக் தேய்ந்துவிட்டது, உடனே மாற்று என்று கராஜ்காரன் சொல்லியிருந்தான். அந்தக் கிழமையே குகதாசன் ஊஸ்டருக்குப் போனார். சாமி நெற்றியில் தகட்டை வைத்து, "வாகன விபத்துத் தடுப்பு" என்றார். குகதாசனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. நான் காரைப் பற்றி மூச்சுக்கூட விடவில்லையே! (விட்டிருந்தார். வாசலில் தேத்தண்ணி கொடுத்த சாமியின் ஆளிடம் அரை மணித்தியாலம் காரைப் பற்றித்தான் கதைத்திருந்தார்.)

பிரேக்குக்கு வைத்த காசு தட்சணையாகப் போயிற்று. சிவப்புப் பொட்டலம் காரின் முன் கண்ணாடிக்குக் கீழே குடியேறியது.

அடுத்த வாரம் பேர்ணில், ட்ராம் தரிப்பிடத்துக்குப் பக்கத்து மஞ்சள் பாதசாரிக் கடவையில், ஒரு பெண் தள்ளுவண்டியில் குழந்தையுடன் இறங்கினாள். குகதாசன் பிரேக்கை மிதித்தார். கார் யோசித்தது. இன்னும் கொஞ்சம் யோசித்தது. தள்ளுவண்டிக்கு ஒரு சாண் தள்ளி நின்றது. அந்தப் பெண் தள்ளுவண்டியை வெடுக்கென்று பின்னால் இழுத்தாள்.

"பாத்தியோ தகட்டின்ர சக்தியை!" என்றார் குகதாசன்.

பக்கத்தில் இருந்த மனைவி ஜெயகௌரி கதவைத் திறந்து இறங்கினாள். "நான் ட்ராமில வாறன்," என்றாள். அன்று முதல் அவள் அந்தக் காரில் ஏறவில்லை.

ஜெயகௌரியின் தங்கை ஜெனனி மின்தூக்கி செய்யும் கம்பனி ஒன்றில் பொறியியலாளர். வேலைக்காகச் சீனாவின் ஷென்சென் நகரத்தில் இரண்டு வருடம் இருந்து திரும்பியவள். அக்கா அழுது சொன்னதைக் கேட்டு வந்தவள், நேரே காருக்குப் போய்ப் பட்டின் ஒரு முனையைத் தூக்கிப் பார்த்தாள். குகதாசன் பதறினார். ஜெனனி காரில் சாய்ந்து நின்று சிரித்தாள்.

"அத்தான், இது கார் நம்பர் பிளேட். அங்க கடைத்தெருவில கீசெயினோட சேத்து விக்கிற விளையாட்டுச் சாமான்."

"நீ லிப்ற் செய்யப் போனனி. சித்தற்ற பாசை உனக்கெப்பிடித் தெரியும்?"

"சரி, நான் சொல்லுறதை நம்ப வேண்டாம். சாமிக்கே ஒரு சோதனை வைப்பம். பட்டுக்குள்ள இருக்கிறதை அவர் சரியாச் சொன்னால் நானும் ஒண்டு வாங்கிறன்."

குகதாசன் சந்தோஷமாகச் சம்மதித்தார். சாமி வெல்வார் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. மச்சாளையும் பக்தையாக்கிய புண்ணியம் வேறு சேரும்.

சனிக்கிழமை. மண்டபத்தில் குகதாசனுக்குப் பக்கத்தில் நிருசன் இருந்தான். அடிக்கடி புதுப்பிக்க வேண்டிய பி பெர்மிட்டில் இருக்கிறவன், நிரந்தர வதிவிடம் தரும் சி பெர்மிட்டுக்கு ஏங்குகிறவன். அவனுக்குக் கிடைத்த தகட்டில் ஆங்கில 'சி' எழுத்தே இருந்ததாம். "பாத்தியே, சித்தர் பெர்மிட்டையே எழுதித் தந்திட்டார்," என்று சாமி சொன்ன நாளோடு ஜேர்மன் வகுப்பை விட்டுவிட்டான். சித்தர் கையெழுத்துப் போட்ட பிறகு இலக்கணம் எதற்கு?

ஜெனனி அவனிடமும் இரகசியமாகக் கதைத்தாள். இருவரும் பொட்டலங்களை மாற்றிக்கொண்டார்கள். அவ்வளவுதான் சோதனை.

குகதாசன் மேடையேறினார். கையில் இருந்தது நிருசனின் பொட்டலம். "சாமி, சக்தி குறைஞ்சிட்டுதோ எண்டு ஒருக்காப் பாருங்கோ."

சாமி பொட்டலத்தை நெற்றியில் வைத்தார். உறுமினார். "ஆகா! வாகன விபத்துத் தடுப்பு. சித்தற்ற கையெழுத்து பட்டுக்குள்ளால சுடுகுது!"

அடுத்து நிருசன். "சி பெர்மிட். வாசலுக்கு வந்திட்டுது."

கூட்டம் அரோகரா போட்டது. குகதாசனுக்கு மட்டும் அந்த மஞ்சள் கடவையும் தள்ளுவண்டியும் கண்ணுக்கு முன்னால் வந்தன. ஜெனனி எழுந்திருக்கக்கூட இல்லை. குகதாசனே பட்டை அவிழ்த்தார்.

"சாமி, இதில 'சி' எல்லோ இருக்கு. இது நிருசன்ர. நாங்கள் மாத்தி வச்சிருந்தனாங்கள்."

சாமி ஒரு கணம்தான் தடுமாறினார். "மந்திரம் ஆளைத் தேடிப் போகும், மகனே."

"அப்ப தகடு எதுக்கு, சாமி?" என்று கேட்டார் குகதாசன்.

வாழ்க்கையில் அவர் கேட்ட மிக நல்ல கேள்வி அது. ஜெனனி இப்போதுதான் எழுந்தாள்.

"எல்லாரும் அவிழ்த்துப் பாருங்கோ. மந்திரம் வேற வேற எண்டாரே. முதல் எழுத்தைப் பாருங்கோ. பெட்டிக்குள்ள ஒரு நட்சத்திரம், கீழ ஒரு கொக்கி. ஆருக்காவது வேற மாதிரி இருக்கோ?"

பட்டுகள் சரசரத்தன. பெட்டி, நட்சத்திரம், கொக்கி. வரிசை வரிசையாக அதே எழுத்து.

"அது மந்திரமில்லை. குவாங்டோங் மாகாணத்தின்ர சுருக்கப் பேர். சீனாவில ஒவ்வொரு மாகாணத்துக்கும் இப்பிடி ஒரு எழுத்து. அடுத்த ஆங்கில எழுத்து அந்த மாகாணத்துக்குள்ள எந்த நகரம் எண்டு சொல்லும். ஏ எண்டால் தலைநகரம், குவாங்சோ. பி எண்டால் ஷென்சென். நிருசன், உன்ர சி எண்டால் சூஹாய். நல்ல கடற்கரை. சுவிஸ் பெர்மிட் மட்டும் அங்க குடுக்கிறேல்லை."

பேர்ணிலிருந்து வந்து முன்வரிசையில் இருந்த தில்லைநாயகி நம்பாமல் முகத்தைச் சுளித்தார். ஜெனனி அவரிடம் திரும்பினாள்.

"அன்ரி, உங்கட கார் நம்பரில BE எண்டு இருக்குத்தானே? அது என்ன மந்திரம்?"

"விசர்க் கதை கதையாதை பிள்ளை. அது பேர்ண் கார் எண்டு சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"சீனாவிலயும் சின்னப் பிள்ளைக்குத் தெரியும், அன்ரி."

யாரோ போனை எடுத்துத் தகட்டுக்கு நேரே பிடித்தார். திரையில் 'குவாங்டோங்' என்று விழுந்தது. பிறகு மண்டபம் முழுக்கப் போன்கள் எழும்பின. சாமிக்கு அந்த நேரம் பார்த்துத் தியானம் வந்துவிட்டது. பின்கதவால் போகப் பார்த்தார். அங்கே நின்ற நிருசன், வகுப்பில் படித்த ஜேர்மன் மறந்துவிடவில்லை என்று காட்டுவதுபோல், போனில் போலீசுக்குப் பிழையில்லாமல் விஷயத்தைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

அன்று குகதாசன் காரை எடுக்கவில்லை. இழுவை வண்டிக்குச் சொல்லி அதைக் கராஜுக்கு அனுப்பிவிட்டு, ஜெனனியுடன் ரயிலுக்கு நடந்தார். ஸ்டேசனில், "அந்தக் குழந்தைக்கு ஏதும் நடந்திருந்தால்..." என்று தொடங்கி, முடிக்காமல் விட்டார்.

அப்போது பின்னால் ஒருவர் மூச்சிரைக்க ஓடி வந்தார். மண்டபத்தில் இருந்த ஒரு பெரியவர்.

"தங்கச்சி, ஒரு நிமிசம். இது குவாங்டோங் எண்டபடியால்தான் பலிக்கேல்லைப் போல. பெய்ஜிங் தகடு வைச்சால் கூடப் பலிக்குமோ?"

ஜெனனி வாய் திறக்குமுன் குகதாசன் பெரியவரின் தோளைப் பிடித்தார்.

"அண்ணை, கண்ணை மூடிக் கும்பிடுறது உங்கட விருப்பம். ஆனால் ஒருத்தன் உங்களிட்டை ஒண்டை விக்க வந்தால், கண்ணை மட்டுமில்லை, வாயையும் திறவுங்கோ. 'ஏன்?' எண்டு கேட்டு இதுவரைக்கும் ஒரு சாமியும் ஆரையும் சாம்பலாக்கினதாத் தெரியேல்லை. கேட்கிற இடத்தில சாமியள்தான் காணாமப் போயினம்."