சாஆ மருதனாரைக் கண்டுபிடித்த கதை

படத்தை முழுதாகப் பார்க்காமலே அதைப் பற்றி எழுதுகிறவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அவர்களில் கையும் களவுமாகப் பிடிபட்டவள் நான்.

அப்போது ஜொகூர் பாருவில் ஒரு தமிழ் நாளிதழுக்குப் பகுதி நேர நிருபராக இருந்தேன். ஞாயிறு பதிப்புக்கு உருப்படியாக ஒரு கட்டுரை எழுதிக் கொடுத்தால் வேலையை நிரந்தரமாக்குவதாக ஆசிரியர் சொல்லியிருந்தார். இல்லாவிட்டால் என் அக்காவைப் போல நானும் விடியுமுன் எழுந்து, பாலம் கடந்து, சிங்கப்பூருக்கு வேலைக்குப் போக வேண்டும். (அந்த நேரத்தில் பாலத்தில் நிற்கும் கூட்டத்தைப் பார்த்தவர்களுக்கு என் பயம் புரியும்.)

அந்தச் சமயத்தில்தான் ஸ்கூடாயில் மாணவர்கள் சிலர் ஓர் ஆவணப்படம் திரையிட்டார்கள். சாஆ என்ற சிற்றூர்ப் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிக்கொண்டே கவிதை எழுதி, ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் எங்கோ போய்விட்ட மருதனார் என்ற கவிஞரைப் பற்றிய படம். நம் நிகழ்ச்சிகள் எப்படி என்று உங்களுக்குத் தெரியும். குத்துவிளக்கு, மாலை, பொன்னாடை, டத்தோ பட்டம் வாங்கிய ஒரு பிரமுகரின் நீண்ட உரை எல்லாம் முடிந்தபிறகுதான் படம். நிருபர்கள் டத்தோவுக்கு மாலை விழும்போது ஒரு புகைப்படம் எடுத்துக்கொண்டு, நாசி லெமாக் சோற்றுப் பொட்டலத்தோடு நழுவிவிடுவார்கள். நான் அப்படிப்பட்டவள் இல்லை. முக்கால்வாசிப் படம் பார்த்துவிட்டுத்தான் நழுவினேன். ஸ்கூடாய் சாலை நெரிசல் அப்படி.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் கேட்டேன். அப்பா சாஆவில் பிறந்து வளர்ந்தவர். அந்த வட்டாரத்து ஆளைத் தெரியாது என்று அவர் வாயால் நான் கேட்டதே இல்லை.

"அப்பா, மருதனார்னு ஒரு கவிஞர், தெரியுமா?"

"தெரியாம என்னா? எங்க கல்யாணத்துல வாழ்த்துப்பா படிச்சாரே!"

எனக்குப் புல்லரித்துவிட்டது. என் ஆராய்ச்சி அதோடு முடிந்தது. அவர் வரிகளில் பால்மரத்தின் வாசம் வீசுகிறது என்று எழுதினேன். என் பெற்றோரின் திருமணத்தில் அவர் கண்கலங்க வாழ்த்துப்பா பாடியதையும் சேர்த்தேன். (கண்கலங்கியது என் கைச்சரக்கு.)

ஞாயிற்றுக்கிழமை கட்டுரை வந்தது. ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் கூப்பிட்டு, தானும் மருதனாரும் ஒரே மேடையில் பாடியதாகச் சொன்னார். கோத்தா திங்கியில் ஒரு மன்றம் மருதனாருக்கு விழா எடுக்கத் தயாரானது. "பின்னிட்டம்மா! நாளைக்கு வந்து என்னைப் பாரு" என்றார் ஆசிரியர். அன்று மாலை படத்தை இயக்கிய மாணவன் கவின் கூப்பிட்டான்.

"அக்கா, படம் ஃபுல்லா பாத்தீங்களா?"

"பாத்தேன்லா."

"அப்ப கடைசில நாங்க சொன்னது?"

"என்ன சொன்னீங்க?"

"அப்படி ஒரு ஆளே இல்லன்னு."

"அலமாக்!" என்றேன்.

"விசாரிக்காம எதையும் நம்பிடுறாங்கன்னு காட்டத்தான் படமே எடுத்தோம். கவிதை எல்லாம் நாந்தான் எழுதினேன், பர்கர் கடையில உக்காந்து."

"போட்டோவுல இருக்கறது?"

"எங்க மாமா, அக்கா. மீசை ஒட்டுனது."

அப்பாவிடம் பாய்ந்தேன். அவருக்கு முன்னால் அம்மா முந்திக்கொண்டார். "எங்க கல்யாணத்தன்னிக்கு கோத்தா திங்கியில வெள்ளம். பூசை வைக்க வேண்டிய ஃபாதரே படகுலதான் வந்து சேந்தாரு. இதுல கவிஞர் எங்கேருந்து வந்தாரு?"

அப்பா கொஞ்சமும் அசரவில்லை. "அதே படகுலதான்."

மறுநாள் ஆசிரியர் திட்டவில்லை. "படம் முடிஞ்சுதாம்மா?" என்று மட்டும் கேட்டார். அடுத்த மாதமே நான் பாலத்தில் நின்றேன், இன்றும் நிற்கிறேன். கவினின் படத்துக்கு இப்போது புதிய முடிவு ஒன்று இருக்கிறது: திரை முழுக்க என் கட்டுரை.

ஒன்று மட்டும் இன்னும் என்னைக் குடைந்துகொண்டே இருக்கிறது. வாத்தியாரும் அப்பாவும் பொய் சொன்னதாக எனக்குத் தோன்றவில்லை. அவர்கள் ஞாபகத்தில் யாரோ ஒருவர் மேடையேறி வாழ்த்துப் படித்திருக்கிறார். பெயர்தான் மறந்துபோயிருக்கிறது. நான் போய் ஒரு பெயரைக் கொடுத்துவிட்டேன். அந்த ஆள் யாராக இருக்கும்?

பிறகு நடந்த என் கல்யாண விருந்தில் அப்பா மைக்கைப் பிடித்தார். "கவிஞர் மருதனாரால வர முடியல. வாழ்த்துப்பா அனுப்பியிருக்காரு" என்று சட்டைப் பையிலிருந்து ஒரு தாளை எடுத்துப் படித்தார். அக்கா சிரித்துச் சிரித்து மேசையில் கவிழ்ந்துவிட்டாள். அப்பாவே எழுதியது என்று எனக்குத் தெரியும். ஆனால் வாழ்த்துப்பா நன்றாகவே இருந்தது. எனக்குக் கண் கலங்கிவிட்டது. (இந்த முறை நிஜமாகவே.)

கைதட்டல் ஓய்ந்ததும் பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் சத்தமாகக் கேட்டார். "மருதனார் இன்னும் இருக்காரா? பாத்து ரொம்ப நாளாச்சே!"

அன்றிலிருந்து எங்கள் வீட்டு விசேஷம் எதுவானாலும் முதல் அழைப்பு மருதனாருக்குத்தான். இதுவரை ஒன்றுக்கும் வந்ததில்லை. ஸ்கூடாயில் நெரிசலாம், அப்பா சொல்கிறார்.