துரைக்கு முப்பத்தொரு மது

கம்ப்யூட்டர் தப்புச் செய்யாது என்று நான் மனதார நம்பிய காலம் ஒன்று இருந்தது. அந்த நம்பிக்கையால் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தின் மானமே போகப் பார்த்தது.

அப்போது நான் ஹட்டனில் ஒரு சிறிய வாரப் பத்திரிகையில் சேர்ந்து நான்கு மாதம். செல்வமணி அக்கா அந்தத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர், மாதர் சங்கச் செயலாளர். தொழிலாளர் வரிசை வீடுகளான கீழ் லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் கேட்டு இருபது வருடமாகத் துரைமாருக்கு, அதாவது மாறி மாறி வந்த மேனேஜர்களுக்கு, அனுப்பிய முப்பத்தொரு மனுக்களின் நகல்களை என்னிடம் கொடுத்தார். திங்கட்கிழமை தொழில் அதிகாரி முன்னால் கூட்டம். அதற்குள் பேப்பரில் வந்துவிட்டால் பலம்.

"பத்திரம் தங்கச்சி. எங்ககிட்ட இருக்கிற ஒரே சாட்சி இதுதான்."

எல்லாம் மங்கிப்போன தட்டச்சு. "ஒக்காந்து டைப் பண்ணிருங்க" என்றார் ஆசிரியர். நானா? படத்தைக் காட்டினால் எழுத்தாக மாற்றித் தரும் செயலி போனில் இருக்கும்போதா?

மாற்றித் தந்தது. மாரியாயி என்ற பெயரை 'மரரியரயி' ஆக்கியது. வெற்றிலைக் கறையை 'ஓ' என்று வாசித்தது. துணைக்கால் எல்லாம் 'ர' ஆகியிருந்ததால் ஒருநாள் முழுக்க 'ர' வேட்டையாடினேன். பல்லைக் கடித்துக் கடித்துத் தாடை வலித்தது.

"அசலோட ஒப்பிட்டுப் பாத்தீங்களா?" என்றார் ஆசிரியர்.

"பாத்துட்டேன் சார்." (பச்சைப் பொய். 'ர'வைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை.)

வெள்ளிக்கிழமை பேப்பர் வந்தது. பத்து மணிக்கு மலையிலிருந்து அக்காவின் போன்.

"தங்கச்சி, நாங்க எப்ப தொரைக்கு சாராயம் குடுத்தோம்?"

பேப்பரை விரித்தேன். தலைப்பு நானே தட்டியது, சரியாக இருந்தது. உள்ளே செயலியின் கைவரிசை. மங்கிய 'னு' ஒன்றுவிடாமல் 'து' ஆகியிருந்தது.

'தோட்ட மக்கள் அனைவரும் ஒன்றுகூடித் துரை அவர்களுக்கு மது அளித்தோம். பதில் இல்லாததால் மீண்டும் மது அளிக்கிறோம். இம்மதுவைத் தயவுடன் ஏற்றுக்கொள்ளவும். மதுவின் பிரதி தொழில் அதிகாரிக்கும் அனுப்பப்படுகிறது.'

"தண்ணி கேட்டவங்களே தண்ணி ஊத்திக் குடுத்திருக்காங்கன்னு மேல் லயத்துல சிரிக்கிறானுங்க" என்றார் அக்கா. அவர் சிரிக்கவில்லை. "திங்கக்கெழம நீங்களும் வரணும். அந்தக் கடுதாசியெல்லாம் கொண்டாங்க."

கூட்டத்துக்குத் துரை பேப்பரோடு வந்திருந்தார். அதிகாரியின் முன்னால் அதைத் தட்டி, "மது வந்திருந்தா நான் அன்னைக்கே பதில் போட்டிருப்பேனே!" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மேசைக்கு அடியில் புகுந்துவிடலாமா என்று பார்த்தேன். இடமில்லை.

அக்கா எழுந்தார். "பேப்பர்ல வந்தத தொர வாசிச்சிட்டாரு. நாங்க எழுதினத இந்தப் புள்ள வாசிக்கும். எல்லாத்தையும்."

முப்பத்தொன்றையும் நின்றுகொண்டே வாசித்தேன். மூன்றாவது மனுவில் சிரிப்பு நின்றது. மலை ஊற்றுப் பீலிக்குத் தண்ணீர் எடுக்கப் போய் வழுக்கி விழுந்த கர்ப்பிணியைப் பற்றிய ஒன்பதாவதை இரண்டு தடவை ஆரம்பிக்க வேண்டியிருந்தது. பதினைந்தாவதில் அதிகாரி கையை உயர்த்தி, "போதும், விஷயம் வெளங்கிருச்சு" என்றார்.

"இன்னும் பதினாறு இருக்குங்க ஐயா" என்றார் அக்கா.

முடிந்ததும் அதிகாரி துரையிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதுல எத்தனைக்குப் பதில் போட்டீங்க?"

துரை பேப்பரை மடித்து வைத்தார்.

மூன்று மாதத்தில் கீழ் லயத்துக்குக் குழாய் வந்தது. எனக்கு வந்தது ஆசிரியரின் திட்டும், முதல் பக்கத்தில் ஒரு திருத்தமும். (அந்தத் திருத்தத்திலும் ஒரு எழுத்துப் பிழை. அதைப் பற்றி இங்கே பேச வேண்டாம்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் எதையும் கேட்பதில்லை, மது கொடுக்கிறார்கள். மூன்றாம் வகுப்புப் படிக்கும் என் சொந்த அக்காவின் மகள் போன மாதம் டீச்சரிடம், "ட்ரிப் போறதுக்கு அம்மாவுக்கு ரெண்டு தடவ மது குடுத்துட்டேன் டீச்சர், இன்னும் சரின்னு சொல்லல" என்று சொல்லியிருக்கிறாள். பள்ளிக்கூட அதிபர் உடனே எங்களை அழைத்து, எழுத்தில் விளக்கம் கேட்டுவிட்டார்.

விளக்கத்தை நான்தான் எழுதினேன். கையால்.