எறியண்ணையும் என் தடுப்பாட்டமும்

தேங்காயைக் கண்டால் சம்பல் ஞாபகம் வராமல் கை துறுதுறுக்கிற மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் எறியண்ணை.

ஆள் அமெரிக்கர். அங்கே பேஸ்பாலில் சின்னச் சின்ன ஊர் அணிகளுக்குப் பந்து எறிந்தே ஆறு வருடம் பிழைத்தவர். பெரிய அணி கூப்பிடப்போகிற நேரம் பார்த்துத் தோள்மூட்டு கைவிட்டது. ஒரு பிரெஞ்சுக்காரியை நம்பிப் பாரிஸ் வந்தார், அவளும் கைவிட்டாள். எண்பதுகளில், சண்டைக்குத் தப்பி இலங்கையிலிருந்து வந்த எங்களோடு ஒரு ரெஸ்டோரண்டில் கோப்பை கழுவினார். தமிழும் எங்களிடமே பழகினார்.

எதையும் எறிவார். பாரிஸில் எங்கள் சனத்தின் கடைத்தெருவான ஃபொபூர் சேன்-தெனியில் ஒரு கடையில் தேங்காயைத் தட்டிப் பார்த்தவர், "முத்தல்!" என்று பத்தடி தள்ளி நின்ற முதலாளிக்கு எறிந்தார். முதலாளி பருப்பு மூட்டைக்குப் பின்னால் குப்புற விழுந்து படுத்தார்.

"ஐயோ! இந்தப் பயத்திலதானே ஊரை விட்டு இஞ்சை வந்தனான்!"

கிரிக்கெட் ஆடித் திரிந்த எங்கள் ஒன்பது பேரைப் பிடித்து அவர் பேஸ்பால் அணி ஆக்கினார். புறநகர்க் கிளப் ஒன்று, "உன் ஆட்கள் எங்களை வென்று காட்டினால் நீதான் பயிற்சியாளர்" என்று சொல்லியிருந்தது. கோப்பை கழுவுவதிலிருந்து தப்ப அவருக்கு இருந்த ஒரே வழி அது. மூன்று மாதம், ஞாயிறு தவறாமல், ஒரே பல்லவி.

"தம்பி, இது கிரிக்கெட் இல்லை. பந்து பட்டா ஓடு! யோசியாதை, ஓடு!"

"ஓம் அண்ணை, ஓம்."

ஆட்ட நாள் வந்தது. ஒரே ஒரு ஓட்டம் பின்னால் நிற்கிறோம். நான் அவுட்டானால் எல்லாம் முடிந்தது. பந்து பொல்லாத வேகத்தில் வந்தது. நான் முன்காலை வைத்து, தலையைக் குனிந்து, பள்ளிக்கூடத்தில் பழகியபடியே அருமையாகத் தடுத்தேன். பந்து காலடியில் கிடந்தது. புறநகர் எபினேயிலிருந்து பார்க்க வந்த எங்கள் சனம் கைதட்டியது.

"ஓடடா!" என்று கத்தினார் எறியண்ணை.

"ரன் இல்லை அண்ணை! பந்து கிட்டக் கிடக்கு!" என்று கையை உயர்த்தி அவருக்கே விளக்கம் சொன்னேன்.

எதிரணிக்காரன் ஆறுதலாக, அவசரமே இல்லாமல் வந்து பந்தைப் பொறுக்கி என் முதுகில் தொட்டான். அவுட்.

கிளப் தலைவர் என்னிடம் வந்தார். "இதைக்கூட இவர் உங்களுக்குச் சொல்லித் தரவில்லையா?" என்று பிரெஞ்சில் கேட்டார். எல்லாரும் என்னையே பார்த்தார்கள். மானம் போன அந்த நிமிடத்தில் என் வாய், "நோன், மெசியு", இல்லை ஐயா, என்றது. இந்த வாயைச் செருப்பால் அடித்தாலும் தகும்.

பக்கத்தில்தான் நின்றார் எறியண்ணை. என்னைப் பார்த்தார். பிறகு தலைவரிடம், "உண்மைதான். சொல்ல மறந்துவிட்டேன்" என்றார். பயிற்சியாளர் வேலை அதோடு போயிற்று.

திங்கட்கிழமை கோப்பை கழுவும் தொட்டிக்கு முன்னால் அவர் முகம் பார்க்க முடியாமல் நின்றேன்.

"அண்ணை, நேற்று நான்..."

"நல்ல தடுப்பு தம்பி. கையில பிழை இல்லை, கால்தான் வரேல்லை. ஞாயிறு வா, பழகுவம்."

அதற்குப் பிறகும் எத்தனையோ ஞாயிறு பழக்கினார். நான் அந்தப் பேச்சை மறுபடி எடுக்கவேயில்லை. வெட்கம். இப்போது அவர் எங்கே இருக்கிறாரோ, தெரியாது. இத்தனை பேர் படிக்கிற பத்திரிகையில் இதையாவது சொல்லிவிடுகிறேன்: நீங்கள் சொல்லித் தந்தனீங்கள் அண்ணை. ஒவ்வொரு ஞாயிறும் சொல்லித் தந்தனீங்கள்.