மைனரின் பெட்டியில் இனிப் பூசணம் இல்லை

வில்லாபுரம்,
புரட்டாசி எட்டு, புதன்கிழமை, காலை பதினொரு மணி.

திருநகரில் குடியிருக்கும் என் மதிப்புக்குரிய மருமகன் செல்வக்குமார் அவர்களுக்கு, மாமனார் விருமாண்டி வாயால் சொல்ல, எதிர்வீட்டுத் தையல்காரர் நூருல் அமீன் கையால் எழுதும் கடிதம். இங்கே நான் நலம். உங்கள் அத்தை அன்னக்கொடி முழங்காலைத் தவிர மற்ற எல்லா இடத்திலும் நலம். முயல் மைனர் எங்கள் இருவரையும்விட நலம். அங்கே நீங்களும் மகள் தாமரைச்செல்வியும் பேத்தி பவதாரிணியும் நோய்நொடி இல்லாமல் இருக்க நம் கருப்பசாமி காவல் நிற்கட்டும்.

போனில் சொல்லாமல் எதற்குக் கடிதம் என்று நினைப்பீர்கள். போனில் நான் வாயைத் திறந்தாலே “மீட்டிங்ல இருக்கேன் மாமா” என்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமையும் மீட்டிங்கில் இருக்கிறீர்கள். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது, கடைசி வரை படித்துத்தான் ஆக வேண்டும். அதனால் இந்த ஏற்பாடு.

விஷயத்துக்கு வருகிறேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை கூடையோடு வருவேன், முயலின் கக்கூஸ் பெட்டியில் மறுபடியும் பூசணத்தைப் பார்த்தால் மைனரைத் தூக்கிக்கொண்டுபோய்த் திருமங்கலத்தில் முயல் பண்ணை வைத்திருக்கும் என் சிநேகிதரிடம் விட்டுவிடுவேன் என்று சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் சிநேகிதர் முயலைக் கொஞ்சுவதற்கு வளர்க்கவில்லை, கிலோவுக்கு வளர்க்கிறார் என்பது எனக்குத் தெரியும். பவதாரிணிக்குத் தெரியாது. அவள் ஞாயிறு தவறாமல் வில்லாபுரம் வருவது தாத்தாவைப் பார்க்க என்று இந்தத் தெரு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். அவள் செருப்பைக் கழற்றியதும் எந்தப் பக்கம் ஓடுகிறாள் என்பது எனக்குத் தெரியாதா. மைனர் போனால் அவள் வருவதும் போகும். ஆகையால் அந்தப் பெட்டியில் நடந்தது என்ன என்பதை ஒன்று விடாமல் சொல்லிவிடுகிறேன், நீங்களே தீர்ப்புச் சொல்லுங்கள்.

நான் பள்ளிக்கூட வாசலை மிதிக்காதவன். எழுதி வைத்துக்கொள்ளத் தெரியாதவன் எல்லாவற்றையும் மண்டைக்குள்தான் வைத்துக்கொள்ள வேண்டும், அதனால் என் மண்டையில் எதுவும் அழிவதில்லை. நீங்கள் பெண் பார்க்க வந்தது தை மாதம் இரண்டாம் ஞாயிறு. கட்டம் போட்ட நீலச் சட்டை. வாழைக்காய் பஜ்ஜி மூன்று சாப்பிட்டுவிட்டு, நாலாவதை வேண்டாம் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே எடுத்தீர்கள். இதைக் குறையாகச் சொல்லவில்லை, இனிமேல் நான் சொல்லப்போகும் தேதிகளில் உங்களுக்குச் சந்தேகம் வரக் கூடாது என்பதற்காகச் சொல்கிறேன். அடுத்து, நான் முப்பத்தாறு வருடம் மில்லில் பஞ்சுக் குடோன் பார்த்தவன். மழைக்காலத்தில் பஞ்சுப் பொதியில் ஒரு விரக்கடை ஈரம் ஏறினால் பொதி முழுக்கப் பூசணம் பிடித்து நாறிவிடும். என் பொறுப்பில் இருந்தவரை ஒரு பொதிகூடக் கெட்டதில்லை. பொதிக்குள் கையை விட்டு எடுத்து, எந்த ஊர்ப் பஞ்சு, எத்தனை நாள் ஈரம் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன். மேனேஜர் வெள்ளிக்கிழமைதோறும் என்னைக் கேட்டுத்தான் லாரியைக் கிளப்புவார். அப்படிப்பட்டவன் வீட்டில் ஒரு முயல் பெட்டிக்குப் பூசணம் என்றால் அது எனக்கு எம்புட்டுப் பெரிய அவமானம் என்று யோசித்துப் பாருங்கள்.

முயல் மயிர் பட்டுத் தாமரைச்செல்விக்குத் தும்மல் நிற்கவில்லை என்று நீங்கள் அதை எங்கள் வீட்டில் கொண்டுவந்து இறக்கியது வைகாசி இரண்டாம் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரம். கூடவே ஒரு நீல பிளாஸ்டிக் பெட்டி. “தாத்தா, இது பொம்பளப் புள்ள. பேரு வெண்ணிலா” என்றாள் பவதாரிணி. நான் தூக்கி ஒரு பார்வை பார்த்தேன். “கெடாடி இது” என்றேன். அவள் இல்லை என்றாள். நூறு தப்படி தூரத்தில் நிற்கிற ஆட்டைப் பார்த்துக் கிடாவா மறியா என்று சொல்லுகிற வம்சம் நம்முடையது, பிள்ளைக்கு அது புரியவில்லை. அவன் முன்காலை ஊன்றி நெஞ்சை நிமிர்த்தி உட்கார்ந்த தோரணையைப் பார்த்து அன்றைக்கே மைனர் என்று பெயர் மாற்றினேன். ஒரே வாரத்தில் பெட்டியில் போய் இருக்கப் பழகிவிட்டான். நம் தெருவில் சில பெரிய மனிதர்களுக்கே வராத பழக்கம்.

பெட்டியை நான் வைத்திருந்த லட்சணத்தைக் கேளுங்கள். விடிந்ததும் பழசை அள்ளிக் கொட்டுவேன். பெட்டியைத் தேய்த்துக் கழுவுவேன். துணியால் துடைத்துப் புது வைக்கோல் பரப்புவேன். அதன்மேல் ஒரு செம்பு மஞ்சள் தண்ணீர் தெளிப்பேன். வெள்ளிக்கிழமை சாம்பிராணியும் உண்டு. வேறு எந்த முயலுக்கு இந்த மரியாதை கிடைக்கும், சொல்லுங்கள். ஆனாலும் ஆடி மாதம் பிறந்ததிலிருந்து வைக்கோலுக்கு அடியில் பச்சையாகவும் கறுப்பாகவும் படர ஆரம்பித்தது. நான் சும்மா இருப்பேனா. மஞ்சள் தண்ணீரைக் காலை ஒரு வேளை, மாலை ஒரு வேளை என்று கூட்டினேன். பூசணமும் ஒரு வேளைக்கு இரண்டு வேளையாகக் கூடியது. வேப்பிலையை அரைத்துக் கரைத்துத் தெளித்தேன். அதற்கும் மேலே வளர்ந்தது. அத்தை வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டே, “மில்லு குடோனையே கட்டி ஆண்ட மனுசன், ஒரு மொயலு மூத்திரத்துக்கு முன்னாடி முழி பிதுங்கி நிக்கிறாரு” என்று தெருவுக்கே கேட்கச் சொன்னாள்.

இதற்கு நடுவில் ஆவணி எட்டாம் தேதி, ஞாயிற்றுக்கிழமை, உசிலம்பட்டியில் ஒரு கல்யாணம். நானும் அத்தையும் போய் இரண்டு நாள் தங்க வேண்டியதாகிவிட்டது. மைனரை இந்த நூருல் அமீன் வீட்டில் விட்டுப்போனேன். அவர் வீட்டிலும் ஒரு முயல் உண்டு, சாம்பல் நிறம், அசல் கிடா. ஒரே கூண்டில் விடலாமா என்று அமீன் தயங்கினார். இரண்டும் ஆண்பிள்ளைகள்தானே, பேசிக்கொண்டு இருக்கட்டும் என்றேன். திரும்பி வந்து கேட்டால், “ரெண்டும் ஒரு சண்டை இல்லண்ணே, அம்புட்டு ஒத்துமை” என்றார். வளர்ப்பு அப்படி என்றேன். இன்னொன்றையும் கவனித்தேன். அமீன் வீட்டுப் பெட்டியில் அந்த இரண்டு நாளும் பூசணம் வரவில்லை. அவர் மஞ்சள் தண்ணீரும் தெளிக்கவில்லை, சாம்பிராணியும் போடவில்லை. நான் முன்கூட்டியே செய்துவைத்த சுத்தம் அங்கே வரைக்கும் வேலை செய்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். அமீன் இப்போது பேனாவை வைத்துவிட்டு, “இதையுமா எழுதணும்ண்ணே?” என்கிறார். எழுது தம்பி என்று சொல்லிவிட்டேன், மாப்பிள்ளையிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

ஆவணி இருபத்தொன்பது, மறுபடியும் ஞாயிறு. இங்கே வந்திருந்த பவதாரிணியோடு பேச நீங்கள் வீடியோவில் கூப்பிட்டீர்கள். அத்தை போனைத் தலைகீழாகப் பிடித்துப் பெட்டிக்கு நேராகக் காட்டிவிட்டாள். பூசணத்தையும், மைனர் காதில் ரூபாய்க் காசு அகலத்துக்கு மயிர் உதிர்ந்திருந்ததையும் நீங்கள் பார்த்தீர்கள். கூடைப் பேச்சு வந்தது அன்றைக்குத்தான், இரண்டு வாரம் கெடு என்றீர்கள். மறுநாளே மைனரைத் துண்டில் சுற்றி ஆட்டோவில் கால்நடை டாக்டர் இம்மானுவேலிடம் கொண்டுபோனேன். நல்ல பொறுமைசாலி. ஆணா பெண்ணா என்று கேட்டுக்கொண்டே புரட்டப் போனார். “கெடா, எழுதிக்கங்க” என்று நான் சொன்னதும் எழுதிக்கொண்டார். காதைப் பார்த்து மருந்து கொடுத்தார். பிறகு, “பெட்டிய தினமும் என்ன பண்றீங்க ஐயா?” என்று கேட்டார்.

“அள்ளிப்போட்டுக் கழுவித் தொடச்சுப் புது வைக்கோலு போடுவேன்.”

“சரியாத்தான இருக்கு. அப்புறம்?”

“அப்புறம் தெளிப்பேன்.”

“என்னத்தத் தெளிப்பீங்க?”

“மஞ்சத் தண்ணி.”

டாக்டர் மருந்துச் சீட்டைக் கீழே வைத்தார். “காஞ்ச வைக்கோலு மேல தண்ணிய எதுக்குங்கய்யா தெளிக்கிறீங்க?”

“பெருக்குன எடத்துல தெளிக்க வேணாமா டாக்டர்? வாசலத் தெளிக்காம விட்டா வீடு விளங்குமா?”

“அது வாசல் இல்லைங்கய்யா, கக்கூஸ்” என்றார்.

மாப்பிள்ளை, அப்போதுதான் எனக்கு உறைத்தது. பொதியில் ஒரு சொட்டு ஈரம் இறங்கவிடாத கையால் மூன்று மாதமாகப் பெட்டியில் தினம் ஒரு செம்பு தண்ணீர் விட்டு நானே பூசணத்தைப் பயிர் பண்ணியிருக்கிறேன். சுத்தம் குறைந்து வந்த பூசணம் இல்லை, சுத்தம் கூடிப்போய் வந்த பூசணம். இதை நீங்கள் கவனிக்க வேண்டும். அழுக்கனுக்கு இந்தக் கஷ்டமே வராது.

அதற்குப் பிறகு டாக்டர் சொன்னபடி வேலையை மாற்றினேன். இப்போது இரண்டு பெட்டி. ஒன்று மைனரிடம் இருக்கும்போது மற்றொன்று மொட்டை மாடி வெயிலில் காயும். அடியில் கிழித்த செய்தித்தாள், மேலே காய்ந்த வைக்கோல். நனைந்த மூலையை மட்டும் இரண்டு வேளையும் அள்ளி எடுத்துவிடுவேன். வினிகர் பாதி, தண்ணீர் பாதி கலந்து துடைத்து, ஈரம் முழுக்கப் போன பிறகுதான் உள்ளே வைப்பேன். பூசணத்தை வெறுங்கையால் தொட்டால் நமக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று அவர் சொன்னதால் ரப்பர் கையுறை இல்லாமல் பெட்டிப் பக்கம் போவதில்லை. புரட்டாசி ஒன்றிலிருந்து பெட்டி பளிங்கு மாதிரி. காதில் மயிர் முளைத்துவிட்டது. உடம்பும் தேறிவிட்டான், வயிறு உருண்டு தூக்கினால் கை கனக்கிறது, அத்தனையும் என் கைப்பக்குவம். இதில் பெரிய அதிசயம், மூன்று நாளாக அவனே வாயில் வைக்கோலைக் கவ்விக்கொண்டுபோய்ப் பெட்டியில் வைக்கிறான். நான் செய்வதைப் பார்த்துப் பார்த்துப் படித்துக்கொண்டான். பெட்டியைத் தானே பராமரிக்கும் முயலை நீங்கள் திருநகரில் எந்த வீட்டிலாவது பார்த்ததுண்டா.

உண்மையையும் சொல்லிவிடுகிறேன். திங்கட்கிழமை காலை பெட்டியின் ஒரு மூலையில் புதுசாக ஒன்று கிளம்பியிருந்தது. பச்சை இல்லை, கறுப்பும் இல்லை. வெள்ளை வெளேரென்று, புசுபுசுவென்று, இரண்டு கையளவு. ஈரமே இல்லாத இடத்தில் இது எப்படி முளைத்தது என்று எனக்கே விளங்கவில்லை. கையுறையைப் போட்டு முறத்தால் அள்ளிக் குப்பையில் கொட்டி, வினிகர் ஊற்றித் துடைத்தேன். செவ்வாய் காலை மறுபடியும் அதே அளவு. அள்ளினேன். இன்று காலை எட்டு மணிக்கும் இருந்தது, விடவில்லை, அள்ளினேன். மைனர் குறுக்கே வந்து உறுமினான், காலால் தரையை அடித்தான். உன் நன்மைக்குத்தானடா என்று சொல்லித் தள்ளிவிட்டுப் பெட்டியையே மாற்றினேன். இதோ மணி பதினொன்று. பெட்டியில் பொட்டுப் பூசணம் கிடையாது. அமீன் எட்டிப் பார்த்துச் சாட்சி சொல்லுகிறார். வெள்ளைப் பூசணம் என்னிடம் தோற்றுவிட்டது.

ஆகவே மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை நீங்கள் தாராளமாக வந்து பெட்டியைச் சோதித்துக்கொள்ளலாம். பூதக்கண்ணாடி இருந்தால் அதையும் கொண்டுவாருங்கள். கூடை மட்டும் வேண்டாம். அத்தை உங்களுக்கு நாட்டுக்கோழிக் குழம்பு வைப்பதாகச் சொல்லச் சொன்னாள். தாமரைச்செல்விக்குத் தும்மல் நிற்கட்டும், பவதாரிணிக்குக் கணக்கில் நல்ல மார்க்கு வரட்டும், உங்களுக்கு ஒரு நாளாவது மீட்டிங் இல்லாத ஞாயிறு வாய்க்கட்டும் என்று ஆசீர்வதிக்கும்,

உங்கள் மாமனார்
விருமாண்டி
(இடதுகைப் பெருவிரல் ரேகை)

பின்குறிப்பு: இதே புதன்கிழமை, மாலை நாலு மணி. கவரை ஒட்டுவதற்கு முன்னால் அமீனை மறுபடியும் கூப்பிட்டேன். மத்தியானம் நான் கண்ணயர்ந்திருந்தபோது அத்தை வந்து காலைத் தட்டினாள். “ஏங்க, எந்திரிங்க. ஒங்க மைனரு புள்ள பெத்துருக்கான்” என்றாள். போய்ப் பார்த்தேன். காலையில் மாற்றிய அதே பெட்டியில் அதே வெள்ளைப் பூசணம் மறுபடியும் குவிந்து கிடந்தது, அது மூச்சு விட்டுக்கொண்டிருந்தது. கையுறையைக் கழற்றிவிட்டு ஓரத்தில் ஒரு விரலால் தொட்டேன். குடோன் கை, தொட்ட மாத்திரத்தில் சொல்லிவிட்டது. பூசணம் இல்லை, மயிர். தன் வயிற்று மயிரைத் தானே பிடுங்கிப் பிள்ளைகளுக்கு மெத்தை போட்டிருக்கிறாள். மூன்று தடவை நான் அள்ளிக் குப்பையில் கொட்டினேன், நாலாம் தடவையும் பிடுங்கிப் போட்டிருக்கிறாள். உள்ளே ஆறு குட்டி.

அமீன் விரல் விட்டு எண்ணினார். ஆவணி எட்டிலிருந்து இன்றோடு முப்பத்தொரு நாள். “மொயலுக்குச் செனை ஒரு மாசந்தாண்ணே, நீங்க சொன்ன தேதி சரியா இருக்கு” என்றார். மேலே அவன் அவன் என்று வருகிற இடத்தையெல்லாம் அவள் என்று திருத்தச் சொன்னேன். “நாலு ஜாக்கெட்டு டெலிவரி கெடக்குண்ணே, எழுதுனது எழுதுனதாவே இருக்கட்டும்” என்கிறார். பவதாரிணிக்குப் போன் போட்டேன். “நான் அப்பவே சொன்னேன்ல தாத்தா” என்றாள், பிறகு அழுதாள், பிறகு சனிக்கிழமையே வருவேன் என்றாள். பெயர் வெண்ணிலா என்பதை ஒத்துக்கொண்டுவிட்டேன்.

டாக்டர் இம்மானுவேலிடமும் பேசியாகிவிட்டது. தாயை எட்டு வாரத்துக்குப் பிரிக்கக் கூடாது, எங்கேயும் கொண்டுபோகக் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். மறு பெட்டியைச் சற்றுத் தள்ளிவைத்து அதை அவளுக்குக் கக்கூஸாக விட வேண்டும். குட்டி இருக்கிற பெட்டியை நான் கழுவக் கூடாது, துடைக்கக் கூடாது, முக்கியமாகத் தெளிக்கக் கூடாது. ஆகவே ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வரும்போது பெட்டி அழுக்காகத்தான் இருக்கும், வெள்ளையாகவும் இருக்கும். டாக்டர் உத்தரவு, நான் ஒன்றும் செய்வதற்கில்லை.

குட்டிகளை நான் தொடவில்லை. தூர நின்று ஒரு பார்வை பார்த்தேன், அவ்வளவுதான். நாலு கிடா, ரெண்டு பொட்டை.