மாமனார் வருகிறார், கொசுவே போ!

மனைவியைப் பிரிந்து கடல் தாண்டிக் கிடப்பவனுக்கு யாரும் யோசனை சொல்லக் கூடாது. மற்றவர்கள் பத்து யோசனை கேட்டால் ஒன்றைச் செய்வார்கள். அதையும் பாதியில் விட்டுவிடுவார்கள். இவன் பத்தையும் செய்வான். பதினொன்றாவது சொல்ல யாராவது வருகிறார்களா என்று வாசலில் வேறு நிற்பான். நான் நின்றிருக்கிறேன்.

அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ரயில்வே சரக்குக் கிடங்கில் எனக்குக் கிராணி வேலை. (கிராணி என்றால் உட்கார்ந்து எழுதுகிற குமாஸ்தா, அவ்வளவுதான். ஊரில் என் அம்மா மட்டும் “ரயிலையே எம்புள்ளதான் நடத்துறான்” என்று சொல்லி வைத்திருந்தாள்.) லீவு போட்டுக்கொண்டு நாகப்பட்டினம் பக்கம் போய்க் கல்யாணம் செய்தேன். மஞ்சள் காயவில்லை, லீவு தீர்ந்துவிட்டது. தனியாகக் கப்பலேறித் திரும்பினேன். ரயில்வே குடியிருப்பு வரிசையில் வீடு கிடைத்ததும் மனைவி பாக்கியத்தை அழைத்துக்கொள்வதாக என் திட்டம். வீடு கிடைத்தது. பாக்கியம் வரவில்லை.

காரணம், கொசு.

என் மாமனாருக்கு ஒரே தம்பி. கிள்ளான் பக்கம் ஒரு தோட்டத்துக்கு வேலைக்கு வந்து, குளிர்காய்ச்சல் கண்டு, இங்கேயே மண்ணாகிப் போனார். அதன்பிறகு மலாயா என்று யாராவது பேச்செடுத்தால் மாமனார் எழுந்து உள்ளே போய்விடுவாராம். (அப்படிப்பட்டவர் மலாயாக்காரனுக்கு எப்படிப் பெண் கொடுத்தார் என்றால், கல்யாணத்துக்குப் பிறகு நான் ஊரிலேயே வேலை தேடிக்கொள்வேன் என்று என் அம்மா வாக்குக் கொடுத்திருந்தாள். எனக்கே அது தாலி கட்டின பிறகுதான் தெரியும்.)

நான் கப்பலேறக் கிளம்பியபோது அவர் சொன்னது இது: “மாப்பிள்ளே, என் தம்பிய அந்த ஊரு கொசுவுக்குக் குடுத்தாச்சு. பொண்ணையும் குடுக்கச் சொல்லாதீங்க.”

நல்ல கொசு வலை வாங்கிக் கட்டுகிறேன் என்றேன்.

“அவனும் வலைக்குள்ளதான் படுத்திருந்தானாம்” என்றார்.

அந்தப் பிரிவைப் பற்றி இப்போது வேடிக்கையாகச் சொல்லலாம்தான். ஆனால் அது வேடிக்கையாக இல்லை. கல்யாணமானவன் என்று பெயர். சோறு வடிக்கிறவனும் நான், தின்கிறவனும் நான், நன்றாக இல்லை என்று சொல்கிறவனும் நான். வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்குப் போகாமல் ஸ்டேஷனில் நிற்பேன். கிள்ளான் துறைமுகப் பக்கத்திலிருந்து வரும் ரயிலில் கப்பல் ஜனங்கள் இறங்குவார்கள். கசங்கின புதுப்புடவையும் துணிமூட்டையுமாக யாரோ ஒருத்தி இறங்கி மிரள மிரளப் பார்ப்பாள். யாரோ ஒருவன் ஓடிப்போய் அந்த மூட்டையை வாங்கிக்கொள்வான். அவனைப் பார்த்து வயிறெரிந்துவிட்டு வீட்டுக்குப் போய் ரசம் வைப்பேன். பாக்கியத்தின் முகம் எனக்குச் சரியாக நினைவில்லை என்பதுதான் பெரிய வேதனை. கல்யாணத்தில் அவள் தலை குனிந்தே இருந்தாள். வகிடு மட்டும்தான் நன்றாக ஞாபகம் இருந்தது.

இப்படியே இரண்டு தீபாவளி போனபிறகு மாமனாரிடமிருந்து கடிதம் வந்தது. மகள் சாப்பிடுவதில்லை, பேசுவதில்லை, ஆகவே அவரே அழைத்துக்கொண்டு வருகிறார். வந்து எங்கள் வீட்டில் தங்கிப் பார்ப்பார். மகள் உடம்பில் கொசு கடித்த தடிப்பைக் கண்டால் அடுத்த கப்பலில் கூட்டிக்கொண்டு போய்விடுவார். பிறகு நானாயிற்று, என் ரயிலாயிற்று.

கப்பல் வர ஒரு மாதத்துக்கு மேல் இருந்தது. கடிதத்தை எடுத்துக்கொண்டு முதலில் பக்கத்து வீட்டுக் கந்தையா அண்ணையிடம் ஓடினேன். யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்டேஷன் ஆபீஸில் என்னைவிடப் பெரிய கிராணி.

“நொச்சி, தம்பி, நொச்சி!” என்றார். “எங்கட ஊரிலை நொச்சி நிக்கிற வளவுக்கை நுளம்பு எட்டியும் பாராது.”

(அவர்கள் ஊரில் கொசுவுக்கு நுளம்பு என்று பெயர். கடி ஒன்றுதான்.)

அங்கே ஆரம்பித்தது. ஆற்றுக்கு அந்தப் பக்கம் கம்பத்தில், அதாவது மலாய்க் கிராமத்தில், இருந்த கிழவர், செராய் என்கிற எலுமிச்சைப் புல்லைக் கசக்கி முகரக் கொடுத்து, இது இருந்தால் கொசு வராது என்று தலையாட்டினார். கோயில் வாசலில் பூ விற்கிற அம்மாள் துளசி என்றாள். சீனன் கடையில் காய்ந்த ஆரஞ்சுத் தோலைப் புகை போடு என்றார்கள். கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள் தேங்காயெண்ணெயில் வேப்பெண்ணெயைக் கலந்து தலை முதல் கால் வரை பூசு என்றார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை. ஒன்றொன்றும் நல்ல யோசனைதான். அவை வந்து சேர்ந்த இடம்தான் சரியில்லை.

நொச்சியும் துளசியும் செராயும் பச்சையாக இருந்தால்தான் வாசனை பலமாக இருக்கும் என்று நானாக முடிவு செய்தேன். ஒடித்து வந்த தழை இரண்டு நாளில் வாடிவிடாதா? அதற்கும் நானாகவே ஒரு வழி கண்டுபிடித்தேன். காலிப் பால் டின், பிஸ்கட் டின், மண்ணெண்ணெய் டின் எல்லாம் சேகரித்து, தண்ணீர் நிரப்பி, தழைகளை அதில் நட்டு வைத்தேன். ஜன்னலில் ஒரு வரிசை. சமையலறையில் ஒரு வரிசை. பாக்கியம் படுக்கப்போகும் கட்டிலுக்குக் கீழே, அன்பின் மிகுதியால், இரண்டு வரிசை. தண்ணீர் குறைந்தால் மேலே ஊற்றுவேன். தழை வேர்விட்டது. அதைப் பார்த்து என் குடும்பமே வேர்விட்டதாகப் பூரித்துப்போனேன்.

சில நாளில் வீட்டில் கொசு அதிகமாயிற்று.

அறிவுள்ளவன் அங்கே நிறுத்தியிருப்பான். நான் என்ன நினைத்தேன் தெரியுமா? அணையப்போகிற விளக்கு பிரகாசமாக எரியும், கொசு கடைசி ஆட்டம் ஆடுகிறது என்று நினைத்தேன். மேலும் டின் வாங்கினேன். கொசு மேலும் அதிகமாயிற்று. தழை போதவில்லை என்று இன்னும் ஒடித்து வந்தேன். கந்தையா அண்ணை ஒருநாள் எட்டிப் பார்த்து, “தம்பி, இது வீடோ, காடோ?” என்று கேட்டார். மனிதருக்குப் பொறாமை என்று எண்ணிக்கொண்டேன்.

கப்பல் வரும் நாளில், துறைமுகத்துச் சதுப்புக் கொசு என்னைக் கடித்து மாமனார் அதைப் பார்த்துவிடக் கூடாதே என்று, வேப்பெண்ணெயைத் தலை முதல் கால் வரை பூசிக்கொண்டு மேலே வெள்ளைக் கோட்டு மாட்டினேன். கிள்ளான் வரை ரயிலில் என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. (தனியாக உட்காரக் கிடைத்ததே என்று சந்தோஷப்பட்டேன்.) கப்பலிலிருந்து ஜனங்கள் இறங்கினார்கள். கசங்கின புதுப்புடவையும் மூட்டையுமாக ஒருத்தி வந்தாள். வகிட்டைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது. ஓடிப்போய் மூட்டையை வாங்கிக்கொண்டேன். எத்தனை நாள் கனவு! பாக்கியம் நிமிர்ந்து, முதல்முறையாக என் முகத்தை நேராகப் பார்த்தாள்.

“என்னங்க இது, இப்படி நாறுது?” என்றாள்.

எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. சந்தோஷம் பாதி, வேப்பெண்ணெய் பாதி.

வீடு வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. அவர்களைப் படியில் உட்காரவைத்துவிட்டு உள்ளே ஓடினேன். எல்லா ஜன்னலையும் சாத்தினேன். புகை வெளியே போய்விட்டால் பிறகு என்ன பிரயோஜனம்? மூன்று சட்டியில் தேங்காய் நாரைப் போட்டுப் பற்றவைத்து, அதன்மேல் வேப்பிலை, ஆரஞ்சுத் தோல், சாம்பிராணி எல்லாம் கொட்டினேன். பிறகு பயபக்தியுடன் கதவைத் திறந்து, “உள்ள வாங்க மாமா” என்றேன்.

மாமனார் உள்ளே போனது தெரிந்தது. அதன்பிறகு அவர் தெரியவில்லை. இருமல் மட்டும் ஒவ்வொரு மூலையிலிருந்தும் கேட்டது. பக்கத்து வீட்டிலிருந்து கந்தையா அண்ணை வாளித் தண்ணீருடன் ஓடி வந்தார்.

“வீட்டுக்கு நெருப்பு வைச்சுப் போட்டீரோ? உமக்கு விசரே?”

“புகைதான் அண்ணே, கொசுவுக்கு...” என்று நான் சொல்வதற்குள் வாளி கவிழ்ந்துவிட்டது. சட்டி அணைந்தது. மாமனாரும் நனைந்தார். புகை கொஞ்சம் கலைந்தபோது, அதற்காகவே காத்திருந்தது போல, கட்டிலுக்குக் கீழேயிருந்து கொசு கிளம்பியது. பாடிக்கொண்டே கிளம்பியது.

மாமனார் வெளியே போய்ப் படியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார். தெருச் சாக்கடையைப் பார்த்தார். அப்போதெல்லாம் கொசுவை ஒழிக்க அரசாங்க ஆட்கள் சாக்கடைகளில் தவறாமல் எண்ணெய் தெளித்துவிட்டுப் போவார்கள். வெளியே காற்று சுத்தமாக இருந்தது. கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

“மாப்பிள்ளே” என்றார் மெதுவாக. “இங்க வெளியில ஒண்ணுமே இல்லையே. உங்க வீட்டுக்குள்ள மட்டும் எப்படி?”

எனக்கும் அதுதான் விளங்கவில்லை. “புது ஆள் வாசனைக்கு வருது மாமா” என்று சொல்லிவைத்தேன்.

காலையில் பாக்கியத்தின் ஒரு கண் திறக்கவில்லை. இமை வீங்கிப் பணியாரம் மாதிரி இருந்தது. கையெல்லாம் தடிப்பு. மாமனார் கோபித்திருந்தால் பரவாயில்லை. அவர் மகளின் கையைப் பிடித்துத் தடிப்புகளைத் தடவிக்கொண்டே நின்றார். அவருக்கு யார் ஞாபகம் வந்தது என்று எனக்குத் தெரியும். பிறகு மூட்டையை எடுத்தார்.

“கிளம்பும்மா.”

அவ்வளவுதான். என் வாழ்க்கை ஒரு ராத்திரியில் முடிந்துவிட்டது. காலில் விழலாமா என்று யோசித்தேன். விழுந்தால் வேப்பெண்ணெயில் வழுக்குமோ என்றும் ஒரு பயம்.

பாக்கியம் கிளம்பவில்லை. திறந்திருந்த ஒற்றைக் கண்ணால் வீட்டைச் சுற்றிப் பார்த்தாள். கட்டிலுக்குக் கீழே குனிந்து ஒரு பிஸ்கட் டின்னை இழுத்தாள். நொச்சியைக் கொத்தாகப் பிடுங்கிவிட்டுத் தண்ணீருக்குள் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவள் தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன்.

“அப்பா, இங்க வாங்க. இதப் பாருங்க.”

மாமனார் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். தண்ணீர் முழுக்கப் புழு. தலைகீழாகத் தொங்குவதும் நெளிவதுமாக, நூற்றுக்கணக்கில். அடுத்த டின்னைப் பார்த்தோம். அதிலும். ஜன்னல் வரிசை, சமையலறை வரிசை, எங்கும் என் அன்பு நெளிந்துகொண்டிருந்தது.

“இது ஊரு கொசு இல்லப்பா” என்றாள் பாக்கியம், சிரிப்பை அடக்கிக்கொண்டு. “இவரு வளத்த கொசு. ஊரு மேல தப்பில்ல. ஆளு மேலதான் தப்பு. ஆள நான் பாத்துக்கறேன்.”

மாமனார் டின்னைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முதலில் அவர் மீசை அசைந்தது. பிறகு வயிறு. தம்பி போனபிறகு அவர் அப்படிச் சிரித்துப் பார்த்ததேயில்லை என்று பாக்கியம் பின்னால் சொன்னாள். எல்லா டின்னையும் நாங்கள் மூன்று பேருமாக வெயிலில் கவிழ்த்தோம். ஒரு வாரத்தில் வீடு அடங்கிவிட்டது. வாடின நொச்சியை அவளே அளவாகப் புகை போட்டாள், ஜன்னலைத் திறந்துவைத்து. (நொச்சி நல்ல தழைதான். அதன் மேலும் தப்பில்லை.)

மாமனார் மட்டும் திரும்பினார். கப்பலேறும் முன் தம்பி இருந்த தோட்டத்துக்குப் போய், புல் மண்டின மேட்டில் சற்று நேரம் நின்றுவிட்டு வந்தோம். துறைமுகத்தில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அவன் ஒண்டியா இருந்தான் மாப்பிள்ளே. டின்ன இழுத்துப் பாக்க அவனுக்கு ஒரு ஆள் இல்ல” என்றார்.

கப்பல் மறைந்த பிறகும் பாக்கியம் அங்கேயே நின்றாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. எங்கள் வீட்டில் ஏக்கம் தீரவில்லை, ஆள்தான் மாறியது. இத்தனை நாள் நான் சுமந்ததை அவள் வாங்கிக்கொண்டாள். அவளுடைய அப்பாவை அவள் மறுபடி பார்க்கவில்லை.

அவர் எழுதிய கடிதமெல்லாம் ஒரே மாதிரிதான் தொடங்கும்: ‘மாப்பிள்ளைக்கு ஆசீர்வாதம். கொசுக்கள் சௌக்கியமா?’ அந்த வரியில் பாக்கியம் சிரிப்பாள், அடுத்த வரியில் அழுவாள். ஒருமுறை வேறு கையெழுத்தில் வந்த கடிதத்தில் கொசுவைப் பற்றி ஒன்றும் இல்லை. முதல் வரியைப் படித்ததுமே அவள் கீழே உட்கார்ந்துவிட்டாள். மீதியை நான்தான் படித்தேன்.

அந்த விசாரிப்பு மட்டும் குடும்பத்தில் நிலைத்துவிட்டது. என் பிள்ளைகளும், இப்போது பேரப்பிள்ளைகளும், என்னைப் பார்த்ததும் கேட்பது அதைத்தான்: “கொசுங்க சௌக்கியமா?” பாக்கியம் இருந்தவரை எனக்கு முந்திக்கொண்டு அவள்தான் பதில் சொல்வாள்: “அதெல்லாம் போயிடுச்சு. வளத்தவருதான் இன்னும் இருக்காரு.”

இப்போது அந்தப் பதிலை நானே சொல்லிக்கொள்கிறேன்.