பீப் சத்தம் கேட்கக் கூடாது

“மூணு மணிக்கு ஆஸ்பத்திரிலேருந்து வர்றாங்க. அந்த பீப் சத்தம் மட்டும் அவங்க காதுல விழக் கூடாது,” என்று சொல்லிவிட்டு மேனேஜர் போய்விட்டார்.

சோதனை அறையில் மருந்து ஃப்ரிட்ஜ்களுக்கான இருபது சர்க்யூட் போர்டுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு போர்டின் சிப்புக்குள்ளும் ஒரு குட்டி வெப்பமானி உண்டு. சூடு அறுபது டிகிரியைத் தாண்டினால் அலாரம் அலறும். தினமும் ஏழெட்டுத் தடவை, தடவைக்குப் பத்து நிமிடம்.

ஆறு மாதமாகியும் ‘புதுப்பொண்ணு’ என்றே அழைக்கப்பட்ட அவள்தான் அந்த அறைக்குப் பொறுப்பு. இந்த ஆஸ்பத்திரி ஆர்டர் கிடைத்தால்தான் அவள் வேலை நிரந்தரம்.

“எல்லையை ரொம்பத் தாழ்வா வச்சிருக்கே. அறுபத்தஞ்சாக்கு. சிப்பு தாங்கும்,” என்றார் பக்கத்து சீட் அண்ணன், நிமிராமலே.

பத்தரைக்கு அலாரம் அடித்தது. பாய்ந்து போய் அறுபத்தைந்தாக மாற்றினாள். கப்சிப்.

பதினொன்றேகாலுக்கு மறுபடி பீப். சூடு அறுபத்தாறு! எழுபதாக்கினாள். நாலே விநாடியில் அடங்கியது. பன்னிரண்டு மணிக்கு எழுபத்தொன்று.

“அண்ணா, நான் ஏத்த ஏத்த அதுவும் கூடவே ஏறி வருது. வேணும்னே பண்ற மாதிரி இருக்கு.”

“சிப்புக்கு உன்மேல என்னம்மா கோபம்? ஒரே ரீடிங்கை நம்பாதே. பத்து எடுத்து சராசரி போடு.”

போட்டாள். சராசரியும் எழுபத்தொன்றுதான். எல்லையை எழுபத்தைந்துக்குத் தூக்கினாள். நெற்றி வியர்வை கீபோர்டில் சொட்டியது. பயத்தில் வியர்க்கிறது என்று நினைத்துக்கொண்டாள். அண்ணனும் சட்டையின் மேல் பட்டனைக் கழற்றிவிட்டிருந்தார். அவருக்கு என்ன பயம் என்று யோசிக்க அவளுக்கு நேரமில்லை.

இரண்டே முக்காலுக்குத் திரும்பவும் அலறியது. வேறு வழி தெரியாமல் சத்தத்தையே புரோகிராமிலிருந்து எடுத்துவிட்டாள்.

சரியாக மூன்று மணிக்கு ஆஸ்பத்திரி டாக்டரம்மா மேனேஜருடன் உள்ளே வந்தார். ஐந்தாவது நிமிடம் கோட்டைக் கழற்றினார். பத்தாவது நிமிடம் ஃபைலை எடுத்து விசிறிக்கொண்டார். பிறகு திரையைக் குனிந்து பார்த்தார்.

“எல்லை எழுபத்தஞ்சுன்னு போட்டிருக்கீங்க. சூடு எண்பத்திரண்டு காட்டுது. அலாரம் ஏன் அடிக்கல?”

மேனேஜர் அவளைப் பார்த்தார். அவள் அண்ணனைப் பார்த்தாள். அண்ணன் தரையைப் பார்த்தார்.

அந்த நேரம் பார்த்துக் கதவு திறந்தது. வராந்தாவில் சுவிட்ச் பெட்டிக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் எலெக்ட்ரீஷியன் தலையை நீட்டினார்.

“ஏம்மா, உங்க பெல்லு ரிப்பேராயிடுச்சா? அடிச்சா உங்க ரூம் ஏசியைப் போடுவேன், நின்னா அணைச்சிடுவேன், இத்தனை மாசமா அப்படித்தானே நடக்குது? இன்னிக்கு என்னடான்னா, நான் சுவிட்சப் போட்டுட்டு உக்கார்றதுக்குள்ள நின்னுடுது!”